நீரோடிக்கு இப்புறமும் அப்புறமும்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தேங்காப்பட்டணத்தைத் தாண்டி, குழித்துறை வழியாக வரும் தாமிரபரணி கடலில் சேரும் பொழிமுகத்தையும் கடந்தால் வரிசையாக எட்டு ஊர்கள். இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி. ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. நீரோடியோடு தமிழ்நாடு முடிந்துவிடும். அடுத்த ஊர் பொழியூர், கேரளம். கடைப் பலகையின் எழுத்து மாறும், பஸ்ஸின் நிறம் மாறும். அதே கடல், அதே மணல், அதே முகங்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் நடக்கத் தெரிந்தவுடன் பந்து தெரியும்.

நாஞ்சில் நாடு என்று கறாராகச் சொன்னால் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான். வயல், குளம், வில்லுப்பாட்டு. நான் அந்தப் பக்கத்து ஆள். எங்கள் ஊர்களில் சாயங்காலமானால் வாலிபால் வலை கட்டுவார்கள்; கிரிக்கெட் வந்து அதையும் பாதியாக்கிவிட்டது. காலால் ஆடும் பந்தை ரசித்துப் பார்க்க வேண்டுமானால் மேற்கே பஸ் ஏற வேண்டும். அப்படிப் போய்ப் போய், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெயிலில் உட்கார்ந்து பார்த்த ஒரு வேடிக்கைக்காரனின் ஒப்பீடு இது. விளையாடியவன் எழுதினால் வேறு மாதிரி இருக்கும்.

முதலில் அந்த எல்லைக் கோட்டைப் பற்றி. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் கேட்டார்கள், கிடைக்கவில்லை. நீரோடி விளவங்கோட்டில் இருந்தது, பொழியூர் நெய்யாற்றின்கரையில் இருந்தது, அவ்வளவுதான் விஷயம். திருச்சபை இந்தக் கோட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. தூத்தூர் வட்டாரத்துப் பங்குகள் இன்றும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆக, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் திருவனந்தபுரம். ரேஷன் கார்டு, ஓட்டு, கால்பந்து மூன்றுக்கும் சென்னை. கால்பந்துச் சங்கங்கள் மாவட்டம், மாநிலம் என்று அடுக்கப்பட்டவை என்பதால், வேலிக்கு இந்தப் பக்கம் பிறந்த பையன் குமரி மாவட்டத்துக்கும் அந்தப் பக்கம் பிறந்த அவன் அத்தை மகன் திருவனந்தபுரம் மாவட்டத்துக்கும் ஆடுவான்.

இப்புறத்து ஆட்டத்தைப் பார்க்க நல்ல நேரம் கிறிஸ்துமஸ் கழிந்த நாட்கள். அதை முடிவு செய்பவை படகுகள். இந்த எட்டு ஊர் ஆண்களில் பெரும்பாலோர் ஆழ்கடல் தூண்டில்காரர்கள். சுறாவையும் சூரையையும் தேடிக் கொச்சியின் தோப்பும்படியிலிருந்து கிளம்பினால் ஒரு மாதம் கரை காணாமல் கிடப்பார்கள். குஜராத் கடல் வரை போகிறவர்கள் உண்டு. ஊர் முழுக்க ஆண்கள் இருப்பது கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும், பிறகு ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்துக்கும்தான். தடைக்காலத்தில் மழையும் கடல்சீற்றமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே டிசம்பர் கடைசியில் ஊரின் முழு அணியும் கரையில் இருக்கும். நவம்பரில் பார்த்த அதே அணியில் அப்போது நாலைந்து புதுமுகங்கள் தெரிவார்கள், மார்பு அகன்று, முகம் கறுத்து, ஓட ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷமே மூச்சு வாங்கிக்கொண்டு. ஆனால் பந்து காலுக்கு வந்துவிட்டால் யாராலும் பிடுங்க முடியாது.

மைதானம் என்ற சொல்லைக் கொஞ்சம் தாராளமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். முன்னால் கடல், பின்னால் ஏ.வி.எம். கால்வாய். நடுவில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் ஊர். கோயிலும் பள்ளிக்கூடமும் போக மிஞ்சியதுதான் ஆடுகளம். பதினொரு பேருக்கு இடம் பற்றாவிட்டால் ஏழு பேர். கோல்போஸ்ட்டில் கட்டியிருப்பது வேலைக்கு உதவாமல் போன மீன் வலை. கண் சிறிய அந்த வலையைத் தொளதொளவென்று தொங்க விட்டிருப்பார்கள். பந்தை வாங்கிக்கொண்டு பின்னால் வெகுதூரம் போய்த் தொங்கும், கடை வலையைப் போல உதறித் திருப்பித் தராது. உள்ளே விழுந்ததா வெளியே போனதா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. கோலி குனிந்து, சிக்கிய மீனை எடுப்பவனைப்போல நிதானமாகப் பந்தை எடுப்பான்.

மணலில் பந்து உருளாது, நின்றுவிடும். அதனால் தரையோடு தள்ளி நீளமாகப் பாஸ் கொடுக்கும் பழக்கம் இங்கே சின்ன வயதில் வருவதில்லை. பந்தைக் காலடியிலேயே வைத்து, இடுப்பை ஓர் அசை அசைத்து, ஆள் சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் விலகிப் போக வேண்டும். இல்லாவிட்டால் தூக்கி அடிக்க வேண்டும். முதல் நாலு எட்டிலேயே வேகம் வந்தாக வேண்டும், ஏனென்றால் ஐந்தாவது எட்டில் கால் புதையும். இரவிபுத்தன்துறைக்காரரான மைக்கேல் சூசைராஜ் இடது காலால் இடது ஓரத்தில் ஆளை ஏமாற்றிப் போவதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஜாம்ஷெட்பூரின் புல்தரையில் அவர் ஓடியபோதும் அந்த முதல் நாலு எட்டு மணலில் பழகிய எட்டுத்தான். பொழியூர்ப் பையன்களின் கால்களும் இப்படித்தான் பழகியவை. ஆட்டத் திறமையில் கோட்டுக்கு இரண்டு பக்கமும் வேறுபாடு தேடினால் ஏமாந்து போவோம். வேறுபாடு முழுவதும் பார்க்கிறவர்களிடம் இருக்கிறது.

இப்புறத்துக் கூட்டம் ஆடுகிறவனைப் பெயர் சொல்லித் திட்டாது. ஓரத்தில் ஓடுகிற பையன் பந்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பாஸ் தராமல் இழந்தால், நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கும் அவன் அப்பனுக்குத்தான் வசவு. “உனக்க மவன் ஒருத்தனுக்கும் பந்து தரமாட்டான்லே, உன்னப் போலத்தான்!” அப்பனும் திரும்பிப் பார்க்காமல் பதில் சொல்வார், அது அச்சேறாது. மைக் பிடித்தவர் தமிழும் மலையாளமும் கலந்து ஓயாமல் பேசுவார். கோல் அடிக்கிறவருக்கு இன்னார் ஐந்நூறு ரூபாய் அன்பளிப்பு, கார்னர் பக்கம் நிற்கும் பைக்கை எடுங்கள், பச்சைச் சட்டைப் பையன் அம்மாவைத் தேடுகிறான் என்று எல்லாம் ஒரே மூச்சில். கோப்பைகளில் பாதி யாராவது இறந்தவரின் நினைவாக இருக்கும். வென்ற அணி கோப்பையோடு முதலில் கோயிலுக்குப் போகும், பிறகு தெருத்தெருவாக. தோற்ற ஊரில் அன்றிரவு பேச்சு முழுவதும் ரெஃப்ரியைப் பற்றி. அடுத்த கிறிஸ்துமஸ் வரை அந்த ஒரு ஆஃப்சைடு உயிரோடிருக்கும்.

பொழியூரிலும் கூச்சல் உண்டு, மைக் உண்டு, நினைவுக் கோப்பை உண்டு. ஆனால் கூட்டத்தின் நடுவே கையைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் பார்க்கும் நடுவயதுக்காரர்கள் சிலர் நிற்பார்கள். இவர்களை இப்புறத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. ஒருவர் ஏதோ ஒரு டிபார்ட்மென்ட் அணிக்கு ஆடி அங்கேயே வேலையில் இருப்பவர், இன்னொருவர் ஓய்வு பெற்றவர். அவர்கள் பார்ப்பது ஆட்டத்தை அல்ல, ஓர் ஆட்டக்காரனை. பந்து மறுகோடியில் இருக்கும்போதும் அவர்கள் கண் இங்கே இடது பேக் எங்கே நிற்கிறான் என்பதில் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் பேச்சும் அதுவே: இவன் டைட்டானியம் கம்பெனி அணிக்குத் தேறுவானா, அவன் மின்வாரியத்து ட்ரயலுக்குப் போகலாமா, ஜூனியர் செலக்சன் என்றைக்கு. இங்கே டீக்கடையில் ஊர் ஜெயித்ததா என்று கேட்பார்கள், அங்கே யார் நன்றாக ஆடினான் என்று கேட்பார்கள். இந்த இரண்டு கேள்விக்கும் இடையில்தான் 1956 இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஏன் அப்படி என்பதற்கு வரலாறு உண்டு. தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் கோப்பையைக் கேரளம் முதலில் வென்றது 1973 டிசம்பரில், எர்ணாகுளத்தில், ரயில்வேயை 3-2 என்று தோற்கடித்து. மூன்று கோலும் கேப்டன் மணி அடித்தவை. அதற்குப் பிறகு இன்னும் ஆறு முறை. தமிழ்நாடு இன்றுவரை ஒருமுறைகூட வென்றதில்லை. 2012ல் இறுதி ஆட்டம் வரை போய் சர்வீசஸிடம் 3-2 என்று தோற்றது. கோப்பைகளின் எண்ணிக்கையைவிட முக்கியமானது அவற்றுக்குப் பின்னால் இருக்கும் வேலைகள். கேரள போலீஸ் 1990லும் 1991லும் அடுத்தடுத்து ஃபெடரேஷன் கோப்பையை வாங்கியது, வி.பி.சத்யனும் ஐ.எம்.விஜயனும் காக்கி உடுத்திய காலம் அது. திருவனந்தபுரத்தில் டைட்டானியம் இருந்தது, ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் இருந்தது, மின்வாரியம் இருந்தது. பள்ளிப் பருவத்திலேயே பிடித்துப் போட ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளி இருந்தது. பொழியூரிலிருந்து இவை எல்லாம் ஒரு பஸ் பயணத் தூரம், காலையில் ட்ரயலுக்குப் போய்விட்டு ராத்திரி வீட்டில் மீன்குழம்பு சாப்பிடலாம். 2018ல் கொல்கத்தாவில் சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் வங்காளத்தைப் பெனால்டியில் வென்ற கேரள அணியில் பொழியூர் சீசன் ஆடினார். அந்த அணியில் வேலையில்லாமல் இருந்த வீரர்களுக்குக் கேரள அரசு வேலை கொடுத்தது. ஒரு மீனவக் கிராமத்தில் அந்தச் செய்தி எவ்வளவு சத்தமாகக் கேட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நீரோடிப் பையனுக்கு இதே ஏணி சென்னையில் நிற்கிறது. இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, கஸ்டம்ஸ் என்று அங்கேயும் டிபார்ட்மென்ட் அணிகளுக்குக் குறைவில்லை. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு. ஆனால் ஒரு ட்ரயலுக்குப் போக எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து போக வேண்டும். போய் இறங்கினால் தங்க இடம், சாப்பாடு, பேச்சில் மலையாள வாடை அடிக்கிறது என்ற கேலி. அப்பன் கடலில், தேதிக்குப் பணம் கேட்க ஆளில்லை. ஆகவே நன்றாக ஆடுகிறவர்களில் பலர் இருபது வயதுக்குள் படகேறிவிடுகிறார்கள். படகில் வருமானமும் மோசமில்லை என்பது இன்னொரு காரணம், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தடையை மீறி வந்தவர்களும் உண்டு. சூசைராஜும் அவருடைய அண்ணன் ரெஜினும் சென்னை சிட்டி அணிக்கு ஆடினார்கள். தம்பி அங்கிருந்து ஜாம்ஷெட்பூருக்கும் பிறகு கொல்கத்தாவின் ஏ.டி.கே.வுக்கும் போய், 2019ல் இந்திய அணியின் சட்டையையும் போட்டார்.

இப்புறத்து ஆட்டம் ஊருக்காக, அப்புறத்து ஆட்டம் உத்தியோகத்துக்காக என்று பிரித்து முடித்துவிட்டால் கட்டுரைக்கு அழகாகத்தான் இருக்கும். உண்மை அவ்வளவு வசதியாக இல்லை. இங்கே உள்ள பையனுக்கும் உத்தியோகம் வேண்டும். கிடைக்கவில்லை, அதனால் ஊருக்கு ஆடுகிறான். அதை நாம் மண்ணின் பற்று என்று புகழ்வது வெறும் வாய் உபசாரம். அதே சமயம், வேடிக்கை பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பிடித்தது இப்புறத்து ஆட்டம்தான். டிபார்ட்மென்ட் வேலையில் இருப்பவனோ அடுத்த மாதம் செலக்சனுக்குப் போகிறவனோ உள்ளூர்ப் போட்டியில் காலை முழுசாக நீட்டமாட்டான். முட்டி போனால் எல்லாம் போயிற்று. பொழியூர்ப் பக்கத்தில் பெரிய ஆட்டக்காரன் இறங்கினால் கூட்டம் கைதட்டும், அவன் இரண்டு மூன்று அழகான பாஸ் கொடுத்துவிட்டு, ஐம்பது-ஐம்பது பந்தில் ஒதுங்கிக்கொள்வான். தூத்தூர் மணலில் யாரும் எதையும் மிச்சம் வைப்பதில்லை. நாளை மறுநாள் தோப்பும்படிக்கு வண்டி ஏற வேண்டியவன் இன்று மணலில் உருண்டு ஹெடர் அடிப்பான். “ஏறிப் போ மக்களே, ஏறிப் போ!” என்று கத்தும் கிழவிக்கு அது போதும், எனக்கும்.

முட்டியைச் சொன்னேன். சூசைராஜுக்கு நடந்ததும் அதுதான். 2020 மார்ச்சில் ஏ.டி.கே. அணியில் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றார், தோற்ற அணி சென்னையின் எஃப்.சி. அடுத்த பருவம் நவம்பர் 20 அன்று தொடங்கியது, கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக. முதல் கால்மணி நேரம் முடிவதற்குள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்; அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியவில்லை. அந்த இரண்டு ஆட்டங்களையும் இந்தக் கரையிலிருந்து பார்த்தவனின் நிலையை யோசியுங்கள். நம் ஊர்ப் பையன் தமிழ்நாட்டு அணியைத் தோற்கடித்துக் கோப்பை வாங்குகிறான். பிறகு பக்கத்து மாநிலத்து அணியோடு ஆடும்போது அடிபடுகிறான். எட்டு ஊர்களிலும் மஞ்சள் சட்டைக்காரர்களுக்குக் குறைவில்லை. பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022 என்று மூன்று இறுதி ஆட்டங்களில் தோற்றும் அந்த மஞ்சள் வெளுக்கவில்லை. 2015லும் 2018லும் கோப்பை வாங்கிய சென்னைக்கு இங்கே நீலம் உடுத்த ஆள் தேட வேண்டும். காரணம் மலையாள சேனலின் கமெண்டரி, கொச்சித் துறைமுகத்தில் பழகிய நண்பர்கள், அவ்வளவே. இதில் மொழிப்பற்றைத் தேடி வருத்தப்படுகிறவர்கள் தோப்பும்படியில் ஒரு வாரம் தங்கிவிட்டு வரலாம்.

இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பது பந்தில் மட்டுமல்ல. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது இந்த எட்டு ஊர்களிலும் பொழியூர் தொடங்கி வடக்கே பூந்துறை வரையிலும் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. ஒரே கடலில், சில சமயம் ஒரே படகில் இறந்தவர்களை இரண்டு அரசுகள் இரண்டு பட்டியலில் எழுதின. இழப்பீடாகத் தமிழ்நாடு முதலில் 10 லட்சம் ரூபாய் என்று அறிவித்தது. கேரளம் 20 லட்சம் என்றதும் கரை கேள்வி கேட்டது, இங்கேயும் 20 லட்சமாயிற்று. அந்த டிசம்பரில் இக்கரையில் கிறிஸ்துமஸ் துக்க வீடாகக் கழிந்தது. அதற்குப் பிறகான நினைவுக் கோப்பைகளில் இளம் முகங்கள் கூடிவிட்டன. பேனரில் இருப்பவன் உயிரோடிருந்தால் இன்றைக்கு விங்கில் ஆடிக்கொண்டிருப்பான் என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லும்போது மைக்கின் இரைச்சலில் பாதிதான் கேட்கும்.

களமும் சுருங்கிவருகிறது. பொழியூர், கொல்லங்கோடு பக்கம் கடலரிப்பு ரோட்டையும் வீடுகளையும் தின்றுவிட்டது. நீரோடி வரை தமிழ்நாடு போட்ட தூண்டில் வளைவுகளால்தான் மணல் தங்கள் பக்கம் வராமல் போயிற்று என்பது அந்தப் பக்கத்துக்காரர்களின் குற்றச்சாட்டு. இப்புறத்திலும் மணல் குவியும் இடத்தில் குவிகிறது, போகும் இடத்தில் போகிறது; வள்ளவிளையில் கல் அடுக்கிய கரையில் பந்து தட்ட இடமில்லை. முன்பு கடற்கரை நெடுக எங்கே வேண்டுமானாலும் நாலு கம்பு நட்டால் ஆட்டம். இப்போது பள்ளி மைதானம் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. மணலில் பழகிய அந்த முதல் நாலு எட்டு, செயற்கைப் புல்லில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஆடும் பிள்ளைகளுக்கு வருமா என்பது என் சொந்தக் கவலை. அந்த டர்ஃப்களில் பந்து நன்றாகவே உருள்கிறது, பாஸ் கொடுக்கப் பழகுகிறார்கள் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம்.

சந்தோஷ் கோப்பையில் கேரளமும் தமிழ்நாடும் மோத நேர்ந்தால் நீங்கள் யார் பக்கம் என்று நீரோடியில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன். ஊசியை நிறுத்தாமல் சொன்னார்: “எனக்க மருமவன் பொழியூர்க்காரன் சாரே, நல்லா களிப்பான். கேரளா ஜெயிச்சா அவனுக்கு ஒரு வேல கிட்டும். எனக்க மவனும் நல்லாத்தான் களிப்பான். தமிழ்நாடு ஜெயிச்சா அவனுக்கு என்ன கிட்டும்னு நீரு விசாரிச்சிட்டு வாரும், அப்பறம் சொல்லுதேன்.”